வயிற்றிலேயே கொடுத்த காவல்

சென்ற மாரியில் சுயதொழில் கடன் பற்றிக் கதைப்பதற்காக, கணவரை இழந்த ஓர் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவரும் மகளும் சுளகொன்றில் பழைய சீலை விரித்து, கண் திறவாத மூன்று பூனைக்குட்டிகளோடு மினைக்கெட்டுக்கொண்டிருந்தார்கள். விறகு அடுக்குக்குள் குட்டி போட்ட தாய்ப்பூனை, மூன்றாம் நாள் வீதியில் அடிபட்டுச் செத்துவிட்டதாம்.

எனக்குத் தெரிந்த மிருக வைத்தியரைத் தொலைபேசியில் கேட்டேன். "முதல் நாள் தாயிட்டைப் பால் குடிச்சதுகளோ?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். பூனைக்குட்டிக்கு நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் தாயின் வயிற்றில் மிகக் குறைவாகவே கிடைக்கின்றன. பெரும்பகுதி சீம்பாலில்தான் வருகிறது. அதை இரத்தத்துக்கு எடுக்கும் குடலின் வாசல், பிறந்து ஏறத்தாழ ஒரு நாளில் மூடிவிடுமாம். "இதுகள் குடிச்சிட்டுதுகள். குளிர் படாமல் வைச்சிருங்கோ" என்றார்.

அக்கா பேசாமல் இருந்தார். பிறகு மகளைத் தண்ணீர் அள்ள அனுப்பிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"2009 இல பங்கருக்குப் பக்கத்திலதான் இவளைப் பெத்தனான். மூண்டு நாளாப் பால் வரேல்லை. சீனித்தண்ணிதான் பருக்கினனான். இண்டைக்கும் இவளுக்குச் சளி பிடிச்சால் என்ரை பிழை எண்டுதான் நினைப்பன். அப்ப இவளுக்கும் அந்த வாசல் பூட்டுப்பட்டிட்டுதே பிள்ளை?"

சமூகவியல் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. குடும்பநல மருத்துவமாதுவிடம் கேட்டறிந்து, அடுத்த கிழமை மறுபடி போனேன்.

மனிதர் பூனையைப் போலல்ல. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் பிறபொருளெதிரிகள் நஞ்சுக்கொடி வழியாகவே பிள்ளையின் இரத்தத்துக்குப் போய்ச் சேருகின்றன. சீம்பால் முக்கியமாகக் குடலுக்குக் காவல். வயிற்றில் கிடைத்த காவலும் சில மாதங்களில் குறைந்துவிடும். பிறகு பிள்ளையின் உடம்பே தன்னைப் பார்த்துக்கொள்ளும். வளர்ந்த பிள்ளையின் சளிக்கும் அந்த மூன்று நாளுக்கும் தொடர்பில்லை.

"அப்ப நான் ஒண்டும் குடுக்காமல் விடேல்லை" என்றார் அக்கா. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குட்டியின் வாயில் பாலைத் துளித்துளியாக விட்டார்.

ஒரு குட்டி தப்பவில்லை. மற்ற இரண்டும் முற்றத்தில் ஓடித்திரிகின்றன. தாய் தந்த காவல் நிற்கும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காது என்பதால், எட்டாம் கிழமையளவில் தொடங்கி இடைவெளி விட்டுத் திரும்பவும் போட்டார்கள்.

சகோதரிகளே, பிள்ளை பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். மஞ்சளாக இருக்கிறதென்று சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடாதீர்கள். ஆனால், கொடுக்க முடியாமற்போன அந்த நாட்களுக்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.