ஸ்டூலின் மேல் பெட்டி அடுக்கியவன்

சட்டம் போடச் சொன்ன ஸ்டூல்களின் மேல் சேலைப் பெட்டிகளை அடுக்கி, யாரும் உட்கார முடியாதபடி செய்தவன் நான். முதலாளி சொல்லிச் செய்யவில்லை, நானாகத்தான் செய்தேன். அப்போது என் இடது காலின் நரம்புச் சுருட்டலுக்கு லேசர் சிகிச்சை முடிந்து சுகமாக நடந்துகொண்டிருந்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

தி.நகர்த் துணிக்கடை ஒன்றில் சேலை செக்‌ஷனுக்கு சூப்பர்வைசராக இருந்தேன். சேர்ந்தது விற்பனைப் பையனாக. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, கடை விடுதியில் படுத்து, காலையில் ஷட்டர் ஏறியது முதல் இரவு இறங்கும்வரை நின்றே வளர்ந்தவன். தீபாவளி நேரத்தில் சாப்பாட்டுக்கு மட்டும்தான் உட்காருவோம். கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகப் புடைத்தபோது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணுக்கால் பக்கம் தோல் கறுத்து அரிப்பெடுத்து, சாயங்காலமானால் கால் கல்லாய்க் கனத்த பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

நிற்கவைத்து டாப்ளர் ஸ்கேன் எடுத்தார். காலுக்கு வந்த ரத்தத்தை மேலே ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது அமுக்கி ஏற்றும். அசையாமல் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கும். அந்த அழுத்தத்தில், நாம் நரம்பு என்று சொல்லும் சிரை விரிந்து, உள்ளிருக்கும் வால்வுகள் சரியாக மூடாமல் போகும். ஏறிய ரத்தம் திரும்பி இறங்கும், தோலுக்கடியில் குழாய் வீங்கிச் சுருளும். பரம்பரை, உடல் பருமன், பெண்களுக்குப் பிள்ளைப்பேறு ஆகியவையும் காரணங்கள் என்றார். என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். அதற்குமேல் காரணம் தேடவில்லை.

முன்பெல்லாம் தொடை இடுக்கில் கீறி அந்தச் சிரையையே உருவி எடுப்பார்கள். எனக்கு முழங்காலருகே ஊசி நுழையும் துளையோடு முடிந்தது. அதன் வழியே மெல்லிய லேசர் இழையை, ஸ்கேனில் பார்த்தபடியே, தொடை இடுக்குவரை ஏற்றினார்கள். சிரையைச் சுற்றி நெடுக, மரத்துப்போகும் மருந்து கலந்த உப்புநீரை ஊசியால் செலுத்தினார்கள். அது வலியையும் தடுக்கும், சூடு பக்கத்துத் தசையைச் சுடாமலும் காக்கும். வலித்தது அந்த ஊசிகள்தான். பிறகு 1470 நானோமீட்டர் லேசரை இயக்கியபடி இழையை மெல்லப் பின்னுக்கு இழுக்க, சிரை உள்ளேயே சூட்டில் சுருங்கி மூடிக்கொண்டது. ரத்தம் ஆழத்திலுள்ள சிரைகள் வழியே போய்க்கொள்ளும். அன்றே நடக்கவிட்டு, இறுக்கமான காலுறை மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: “லேசர் இந்த ஒரு நரம்பத்தான் மூடும். பழையபடி நின்னுக்கிட்டே இருந்தீங்கன்னா வேற எடத்துல புடைக்கும். அப்பப்ப நடங்க, உக்காருங்க, ராத்திரி காலத் தூக்கி வச்சுப் படுங்க.”

அதன்படியே நடந்தேன். பில் கவுண்டருக்குப் பின்னால் எனக்கென ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். சூப்பர்வைசரை யார் கேட்பது?

என் செக்‌ஷனில் பட்டு எடுத்துக் காட்டும் பெண் ஒருத்தி இருந்தாள். ஒரு நாள் மத்தியானம், கூட்டமே இல்லாத நேரம். “அண்ணாச்சி, கால் ரொம்பக் கடுக்கு. செத்த உக்காந்துக்கிடட்டா?” என்றாள். சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். கணுக்காலில் அதே கறுப்பு. என் காலில் இருந்த அதே இடம்.

“கஸ்டமர் வர்ற நேரம், நில்லு தாயி. லேசர் வச்சுக்க, ஒரே நாள்ல சரியாயிரும். நானே வச்சிருக்கேன்” என்றேன்.

அக்கறையாகப் பேசுவதாகவே அப்போது நினைப்பு. அவள் வாங்கிய சம்பளத்தில் அந்தச் செலவு எத்தனை மாதக் கணக்கு என்பது எனக்குத் தெரியும். சம்பளப் பட்டியல் என் கையில்தான் இருந்தது. சில நூறு ரூபாய் ஸ்டூலை மறுத்துவிட்டு, அவளால் எட்டவே முடியாத வைத்தியத்தைக் காட்டினேன். அதன்பின் யார் கால்வலி என்று வந்தாலும் லேசர் என்றே சொன்னேன். என்னைக் குணமாக்கியதை வைத்து மற்றவர்களின் வாயை அடைத்தேன். அந்தப் பெண் அடுத்த ஆடித் தள்ளுபடிக்கு முன்பே வேலையை விட்டுப் போனாள். ஏன் போகிறாய் என்று நான் கேட்கவில்லை.

பக்கத்துக் கேரளத்தில், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில், பி. விஜியும் அவருடைய ‘பெண்கூட்டு’ என்ற பெண் தொழிலாளர் அமைப்பும் கடைகளில் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021இல் தமிழ்நாட்டிலும் 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தில் இருக்கை போடச் சொல்லும் 22-ஏ பிரிவு சேர்ந்தது. எங்கள் முதலாளி ஆடிட்டர் சொன்னதும் ஸ்டூல்களை வாங்கிப் போட்டுவிட்டார். இடமில்லை என்று சாக்குச் சொல்லி அவற்றின் மேல் பெட்டிகளை ஏற்றியது நான்தான். அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால் இறக்குவேன், போனதும் ஏற்றுவேன்.

ஏன் செய்தேன்? முதலாளிக்குப் பயந்து என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொண்டேன். அது பொய். ‘நான் நின்றேனே, நீ மட்டும் என்ன ராணியா?’ என்ற எண்ணம்தான் உள்ளே இருந்தது. மருமகளாய் இருந்தபோது பட்டதையெல்லாம் தன் மருமகளிடம் வசூலிக்கும் மாமியாரின் புத்தி அது. அவர்கள் உட்கார்ந்துவிட்டால், நான் நின்ற வருஷங்கள் வீண் என்றாகிவிடுமோ என்று பயந்தேன்.

இதை எழுதுவது முக்கியமாக ப்ளோர் பார்க்கும் சூப்பர்வைசர்களுக்காக. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அந்த 22-ஏ பிரிவு. வாய்ப்பு கிடைத்ததா இல்லையா என்பதைக் கடைக்குள் முடிவு செய்வது முதலாளியோ அதிகாரியோ அல்ல, நாம்தான். சேலைக் கடையில் காலை கடை திறந்த முதல் மணிநேரத்திலும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் அந்த வாய்ப்பு தாராளமாகக் கிடைக்கும். கிடைக்கவில்லை என்று நான் சொன்ன ஒவ்வொரு நாளும், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன்.