நான் போடச் சொன்ன கையெழுத்து

எங்கள் தூத்துக்குடியில் ‘கப்பலுக்குப் போயிருக்கிறான்’ என்றால், பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று பொருள். என் மூத்த மகனும் 2019 ஆகஸ்டில், பனிமய மாதா திருவிழா முடிந்த கையோடு, சரக்குக் கப்பலொன்றில் எஞ்சினீயராகப் புறப்பட்டான். ஒப்பந்தம் ஒன்பது மாதம். 2020 மே மாதம் அவன் வீடு திரும்பியிருக்க வேண்டும்.

அவ்வாண்டு மார்ச் 11 அன்று கொரோனா உலகளாவிய கொள்ளைநோயென்று அறிவிக்கப்பட்டது. விமானங்கள் நின்றன. துறைமுகங்களோ சரக்கை இறக்க இசைந்தன, மனிதரை இறங்கவிடவில்லை. உலக வாணிபச் சரக்கில், அளவைக் கொண்டு பார்த்தால், நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் கடல்வழியே செல்கிறது. ஊரடங்கிலும் நம் வீடுகளில் சமையல் எரிவாயுவும் பாமாயிலும் தீராதிருந்தனவே, அவற்றில் பெரும்பகுதியைச் சுமந்து வந்தவை கப்பல்கள்தாம். பின்னர் சரக்குப் பெட்டகங்களுக்குத் தட்டுப்பாடு வந்து, கப்பல் கட்டணம் பன்மடங்கு ஏறி, 2022 தொடக்கத்தில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களில் இடம் கிடைக்காமல் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் காத்துக்கிடந்தபோது பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. 2020 இறுதியில் ஏறத்தாழ 4 லட்சம் கடலோடிகள் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலிலேயே சிக்கியிருந்ததைப் பற்றி அவ்வளவு எழுதியதாக எனக்கு நினைவில்லை. ஏறக்குறைய அதே எண்ணிக்கையினர் அவர்களை விடுவிக்கச் செல்ல முடியாமல், வருமானமின்றித் தத்தம் வீடுகளில் இருந்தனர்.

மே மாதத்தில் ஓரிரவு மகன் தொலைபேசியில் அழைத்தான்.

“அப்பா, ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். விருப்பத்தோடு ஒப்பந்தத்தை நீட்டிக்கிறேன் என்று எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போடட்டுமா?”

நான் யோசிக்கவேயில்லை. “போட்டுவிடு. இப்போது கப்பலைவிடப் பத்திரமான இடம் ஏது?” என்றேன். என் மனத்தில் இருந்தது அவனுடைய பத்திரமன்று, வீட்டுக்கடன். அன்று மாலைதான் செபமாலையின்போது, கடலில் பயணம் செய்வோருக்காகத் தனியே ஒரு பத்து மணி சொல்லியிருந்தேன்.

ஒரு கடலோடியைத் தொடர்ந்து 11 மாதங்களுக்கு மேல் கப்பலில் வைத்திருக்கலாகாதென்பதே 2006-ம் ஆண்டின் சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் ஏற்பாடு. அதை நான் பிற்பாடுதான் அறிந்தேன். என் மகன் பதினைந்து மாதம் இருந்தான். பிரேசிலில் இரும்புத்தாது ஏற்றிச் சீனத்தில் இறக்குவது அவர்கள் வேலை. ஒரு வழிப் பயணமே நாற்பது நாளுக்குக் குறையாது. கரையை அடைந்தாலும் கால் வைக்க முடியாது. ஜூலையில் அவனுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி கண்டது. பல் மருத்துவரிடம் போகத் துறைமுகத்தில் அனுமதி கிடைக்கவில்லை. கப்பலின் மருந்துப்பெட்டிக்குப் பொறுப்பான அதிகாரி கொடுத்த மாத்திரைகளை விழுங்கிக்கொண்டு, எஞ்சின் அறையின் வெக்கையில் வேலை செய்தான். எங்களிடம் அதை அவன் மூச்சுவிடவில்லை.

கப்பலைத் தள்ளி நிறுத்துவது புதிதன்று. 1377-ல் ரகூசா நகரம், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வந்தோரை முப்பது நாள் விலக்கி வைத்தது. அது பிறகு நாற்பது நாளாயிற்று. விலக்கி வைத்தாலும், அதற்கு ஒரு கணக்கு இருந்தது. என் மகனுக்கு எவரும் நாள் குறிக்கவில்லை.

1920-ல் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய நம் திருச்சபையின் கடலோடிகள் பணி, தன் நூற்றாண்டை அந்த ஆண்டிலேயே கண்டது. கப்பலேற முடியாத ஆன்ம குருக்களும் தொண்டர்களும் பல துறைமுகங்களில் உணவுப் பொருள்களைக் கப்பல் படிக்கட்டின் அடியில் வைத்துவிட்டுப் போனார்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் ஜூன் மாதத்தில் கடலோடிகளுக்கென்றே ஒரு செய்தி விடுத்து, அவர்கள் தனித்து விடப்படவில்லையென்று கூறினார். மகனும் அவன் தோழரும் அதைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம்.

நவம்பரில் கப்பல் தன் வழியை விட்டு விலகிக் கொச்சிக்கு வந்தது. தனிமைக்காலம் முடிந்து வீடு சேர்ந்தவன், பாதியாக இளைத்திருந்தான். அன்றிரவு, அந்தத் தாளைப் பற்றி நானே பேச்செடுத்தேன்.

“நீங்கள் ‘வந்துவிடு’ என்று சொல்லியிருந்தாலும் வந்திருக்க முடியாதுதான், அப்பா. ஆனாலும் சொல்லியிருக்கலாம்” என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. அவன் தாய் சோற்றைக் குழைய வடித்திருந்தாள். பல் பிடுங்கிய பக்கம் படாமல், மெல்லச் சாப்பிட்டான்.