பெட்ரோல் முள்

மத்திய அரசின் குமாஸ்தா ஒருவனுக்குக் கார் எதற்கு என்று அலுவலகத்தில் கேட்பவர்கள் உண்டு. அது என்னுடையதன்று, என் தந்தையாருடையது என்று விடையிறுப்பேன். நாற்பது வயதைத் தாண்டிய மகன் இன்னும் தகப்பனின் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறானே என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தக் காரினால் சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தை, நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த வண்டியே 1961 முதல் சென்னையில் அந்தப் பெயரோடு உருவாகத் தொடங்கியது. வடிவமைத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். எங்களுடையது 1965-இல் செய்யப்பட்டது. இரண்டே கதவுகள், 948 சி.சி. எஞ்சின். முன்மூடி முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். தந்தையார் 1974-இல் அதை இரண்டாம் கையாக வாங்கினார். 1984-இல் பணிமாற்றம் வந்தபோது சாமான்களை ரயிலில் அனுப்பிவிட்டு, அம்மாவையும் நான்கு வயதுச் சிறுவனாகிய என்னையும் ஏற்றிக்கொண்டு, விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேசுவரம் வழியாகக் கல்கத்தா வரை தாமே ஓட்டிவந்தார். இங்கு வந்தவர்களில் சிலர் திரும்பிப் போனார்கள். நாங்களும் வண்டியும் தங்கிவிட்டோம்.

வந்த சில ஆண்டுகளுக்கெல்லாம் பெட்ரோல் அளவைக் காட்டும் முள் ஒருநாள் ‘இ’ என்ற எழுத்தின்மீது படுத்தது, பிறகு எழவேயில்லை. தந்தையார் கவலைப்படவில்லை. மூங்கில் குச்சி ஒன்றைச் சீவி, லிட்டர் லிட்டராகப் பெட்ரோலை ஊற்றி, ஈரம் ஏறிய இடந்தோறும் கத்தியால் கோடு கிழித்துக்கொண்டார். புறப்படுமுன் குச்சியை டாங்கிக்குள் விட்டுப் பார்ப்பது, சந்தியாவந்தனத்தைப் போல அவருக்கு ஒரு நித்திய கர்மமாயிற்று. அவர் ஓட்டியவரையில் வண்டி பெட்ரோலின்றி ஒருநாளும் நின்றதில்லை.

சென்ற ஆண்டு அவர் கண்களில் புரை முற்றிக் குச்சியின் கோடுகள் தெரியாமற் போயின. வண்டி நான்கைந்து மாதம் நின்றுவிட்டது. “முள்ளைச் சரிசெய்துவிட்டால் நீ ஓட்டலாம்; நான் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன்” என்றார். ஒரு சனிக்கிழமை, அளவுமானியைக் கழற்றிப் பையிலிட்டுக்கொண்டு மல்லிக் பஜாருக்குப் போனேன். பழைய வண்டிகளின் உறுப்புகள் மலைபோல் குவிந்துகிடக்கும் கடைத்தெரு அது. ஒரு கடைக்காரர் அதே அளவில் வட்டமான மற்றொன்றை எடுத்து வைத்தார். எழுத்துகளும் அவ்வாறே இருந்தன. “பழையதைக் கொடுத்தால் இருநூறு ரூபாய் குறைத்துக்கொள்கிறேன், தாதா” என்றார். கெட்டுப்போன பொருளுக்கு இருநூறு ரூபாயா என்று மகிழ்ந்து கொடுத்துவிட்டேன்.

மிஸ்திரி புதியதைப் பொருத்திச் சாவியைத் திருப்பினார். முள் மெல்ல மெல்ல எழுந்து ‘எஃப்’ என்ற எழுத்தில் போய் நின்றது. தந்தையார் குனிந்து கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தார்.

“பழையது எங்கே?”

“அலமாரியில் வைத்திருக்கிறேன், அப்பா.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. “குச்சி போட்டுப் பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டார். முள்ளே சொல்லும்போது குச்சி எதற்கு என்றேன்.

மறு வாரம் அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. முள் அப்போதும் ‘எஃப்’ என்ற எழுத்தில்தான் இருந்தது. பின்னால் பேருந்துகள் அலற, நானும் ஒரு தேநீர்க் கடைப் பையனும் வண்டியை ஓரத்துக்குத் தள்ளினோம். எண்பத்து மூன்று வயதுக்காரர் வெயிலில் நடைபாதையில் நின்றார். கோபிக்கவில்லை. “செத்த முள் இத்தனை வருஷம் நம்மை ஏமாற்றவில்லையடா. உயிர் வந்த முள் ஒரே வாரத்தில் ஏமாற்றிவிட்டது” என்றார்.

அதன் பிறகுதான் இந்த முள்ளின் சங்கதியைக் கற்கத் தொடங்கினேன். அக்காலத்து வண்டிகளில் அளவுமானி இரண்டு வகை. பழைய வகையில் இரண்டு கம்பிச் சுருள்கள் காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை இழுக்கும். சாவியைத் திருப்பிய நொடியிலே முள் துள்ளும், வளைவுகளில் ஆடும். பிந்திய வகையில் ஈருலோகத் தகடு ஒன்று மின்சாரத்தால் சூடேறி வளையும். முள் நிதானமாக ஏறும். அதற்கு ஏறத்தாழ 10 வோல்ட்டு மட்டும் செல்லுமாறு ஒரு சீராக்கியும் வேண்டும். டாங்கிக்குள் மிதவையோடு இணைந்த உறுப்பும் இவற்றுக்கேற்ப மாறும். பழைய வகையில் டாங்கி காலியானால் மின்தடை ஏறக்குறையச் சுழி. நிறைந்தால் 70, 80 ஓம். பிந்திய வகையில் இது தலைகீழ்: காலியானால் 240 ஓம் அளவில் இருக்கும், நிறைந்தால் 30-க்கும் கீழே இறங்கும். ஒன்றின் முள்ளை மற்றொன்றின் மிதவையோடு கூட்டினால், வறுமை செல்வமாகத் தோன்றும்.

எங்கள் வண்டியின் டாங்கியில் இருந்தது பழைய வகை. அதைக் கழற்றியபோது மற்றோர் உண்மை வெளிப்பட்டது. பித்தளை மிதவையில் ஊசிமுனையளவு துளை. உள்ளே பெட்ரோல் புகுந்து மிதவை அடியில் மூழ்கிக் கிடந்தது. ஆகவேதான் முள் இத்தனை ஆண்டுகளாகக் ‘காலி’ என்றே சொல்லிவந்தது. அது கெட்ட முள்ளன்று. தனக்கு வந்த செய்தியை அப்படியே சொன்ன முள். பழுதற்ற அந்தப் பொருளைத்தான் நான் இருநூறு ரூபாய்க்கு விட்டுக்கொடுத்திருந்தேன். ஓடிப்போய்க் கேட்டேன். விற்றுப்போயிற்று என்றார் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? வட்டம் ஒத்திருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, வகை ஒத்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

மிதவையை வெந்நீரில் அமிழ்த்தியதும் குமிழிகள் துளையைக் காட்டிக் கொடுத்தன. உள்ளிருந்த பெட்ரோலை முற்றிலும் வெளியேற்றிய பிறகே மிஸ்திரி ஈயம் வைத்தார். அவசரப்பட்டுச் சூடு காட்டினால் வெடித்துவிடும் என்றார். முள்ளுக்காகச் சென்னையிலுள்ள என் அத்தானுக்குத் தொலைபேசினேன். அவர் மூன்று சனிக்கிழமைகள் புதுப்பேட்டையின் பழைய உதிரி உறுப்புக் கடைகளில் அலைந்தார். வாங்குமுன் செய்யவேண்டிய சோதனையைச் சொல்லிவைத்திருந்தேன். டாங்கி முனையில் எதையும் இணைக்காமல், மற்ற முனையையும் உடலையும் மட்டும் பேட்டரியோடு இணைக்க வேண்டும். முள் துள்ளி ‘எஃப்’ காட்டினால் நமக்கு வேண்டிய வகை, அசையாவிட்டால் வேண்டாம். இரண்டு வாரம் அசையவில்லை. மூன்றாம் வாரம், உடைத்துப் பிரித்த ஒரு ஹெரால்டிலிருந்து எடுத்தது கிடைத்தது. “துள்ளிற்று மாப்பிள்ளை!” என்று கடையிலிருந்தே கூவினார்.

அது பொருத்தப்பட்ட அன்று தந்தையாருக்கு ஒரு கண்ணில் அறுவை முடிந்திருந்தது. ஐந்து லிட்டர் ஊற்றினோம். முள் சற்றே எழுந்தது. மேலும் ஐந்து ஊற்றினோம், அதற்கேற்ப உயர்ந்தது. அவர் குச்சியை விட்டுப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு கண்ணாடியை முன்போலவே விரலால் தடவினார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பழையதைக் கடையிலேயே கொடுத்துவிட்டதைச் சொன்னேன்.

“தெரியும்” என்றார். “அந்தக் கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தது. விஜயவாடாவில் நீ தகரப் பொம்மையால் கிழித்தது. விரலுக்கு நன்றாகத் தெரியும். அலமாரியை அன்று ராத்திரியே பார்த்துவிட்டேன். நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன்.”

கண்டித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ சாவியை என் கையில் வைத்து, “குச்சியை மட்டும் எறிந்துவிடாதே” என்று சொல்லிவிட்டுப் பக்கத்து இருக்கையில் அமர்ந்துகொண்டார்.

பழைய பொருள் வைத்திருக்கும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே: பழுது எங்கே என்று தெரியும்வரை எந்த உறுப்பையும் கைவிடாதீர்கள். எங்கள் வண்டியின் முள் இப்போது மெய் சொல்லுகிறது. ஆயினும் மாதத்தின் முதல் ஞாயிறன்று மூங்கில் குச்சியை டாங்கியில் விட்டு, இரண்டும் ஒரே அளவைச் சொல்லுகின்றனவா என்று பார்த்துவிட்டே புறப்படுகிறேன். அப்பா திண்ணையிலிருந்து, “எவ்வளவு?” என்று கேட்பார். குச்சியில் உள்ளதை உள்ளபடியே சொல்வேன்.