தோளுக்கு வார், இடுப்புக்குப் பாரம்: அலாஸ்கா வேட்டைக்காரர்களின் முதுகுப்பை

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், ஃபேர்பேங்க்ஸ் நகரத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது டெல்டா ஜங்ஷன் என்ற சிற்றூர். கனடாவிலிருந்து வரும் அலாஸ்கா நெடுஞ்சாலை இங்கேதான் முடிகிறது. குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும். இப்படிப்பட்ட இடத்திலும் வெள்ளாமை நடக்கிறது. 1978-ல் மாநில அரசு இந்தப் பகுதியில் காட்டைத் திருத்தி, பார்லி சாகுபடிக்கென்று நிலங்களைப் பிரித்துக் கொடுத்தது. மே மாதம் விதைத்தால் உறைபனி இறங்குவதற்குள் அறுத்துவிட வேண்டும். ஒரு போகம்தான். தவறினால் அடுத்த மே மாதம்தான்.

இங்கும் வனவிலங்குத் தொல்லை உண்டு. 1928-ல் மொன்டானா மாநிலத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பைசன் என்ற காட்டுமாடுகளின் வாரிசுகள், கதிர் முற்றும் நேரம் பார்த்து பார்லி வயலுக்குள் இறங்கும். அவற்றை வயல் பக்கம் வரவிடாமல் காட்டிலேயே நிறுத்திவைக்க, அரசே தனியாக நிலம் ஒதுக்கித் தீவனப் பயிர் விதைக்கிறது. காட்டுப்பன்றிக்குப் பயந்து இரவெல்லாம் காவல் இருக்கும் நம்மூர் விவசாயிகளுக்கு இந்தத் தலைவலி நன்றாகவே புரியும்.

செப்டம்பர் பிறந்ததும் பிர்ச் மரங்கள் மஞ்சளாக மாறும். அறுவடையும் மூஸ் வேட்டையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும். மூஸ் என்பது மான் இனத்திலேயே மிகப் பெரியது. வளர்ந்த ஆண் 540 முதல் 725 கிலோ வரை இருக்கும். நல்ல காங்கேயம் காளையைவிடக் கனம். ஒரு மூஸ் கிடைத்தால் ஒரு குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுவதற்கும் இறைச்சி இருக்கும். சாலையே இல்லாத ஆற்றோர ஊர்களில் வாழும் அதபாஸ்கன் பழங்குடி மக்களுக்கு இது பரம்பரை உணவு. அனுமதிச் சீட்டு, பருவம், எந்த விலங்கு, எத்தனை என்பதெல்லாம் அங்கே சட்டப்படி வரையறுக்கப்பட்டவை. வேட்டை இறைச்சியை விற்க முடியாது. உறவுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் பகிர்ந்து கொடுக்கலாம்.

நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். ஆகவே இங்கே பார்க்கப்போவது வேட்டையை அல்ல. வேட்டை முடிந்த பிறகு அந்த மக்கள் சுமக்கும் சுமையையும், அதற்கு அவர்கள் பை தேர்ந்தெடுக்கும் முறையையும்தான். சுமை தூக்கிப் பிழைக்கும் எவருக்கும் அதில் பாடம் இருக்கிறது.

விழுந்த பிறகுதான் வேலை

725 கிலோ மூஸ் ஒன்றை உரித்துச் சுத்தம் செய்தால் சுமார் 430 கிலோ நிற்கும். எலும்பு கழித்து உண்ணத் தகுந்த இறைச்சி ஏறக்குறைய 225 கிலோ. அதைக் காட்டில் விட்டுவர முடியாது. உண்ணத் தகுந்த இறைச்சி முழுவதையும் வெளியே கொண்டுவந்தாக வேண்டும் என்கிறது அலாஸ்கா சட்டம். வீணாக்கினால் அபராதமும் சிறையும் உண்டு. கொம்பை மட்டும் முதலில் தூக்கிக்கொண்டு வருவதும் கூடாது. கடைசிச் சுமை இறைச்சியோடுதான் கொம்பு வர வேண்டும். சில பகுதிகளில் கால் சப்பைகளையும் விலாவையும் எலும்போடே கொண்டுவர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. பெரிய மூஸின் பின்கால் சப்பை ஒன்று எலும்போடு 50 கிலோவைத் தொடும். இன்றைய யூரியா மூட்டை 45 கிலோதான்.

படகும், நான்கு சக்கர வண்டியும் போகும் இடம்வரை போகும். அதற்கு மேல் முதுகுதான். நடக்கிற தரையும் லேசானதல்ல. பாசி படர்ந்த சதுப்பு. அதில் பந்து பந்தாகப் புல் திட்டுகள். திட்டின் மேல் கால் வைத்தால் ஆடும். இடையில் வைத்தால் முழங்கால்வரை தண்ணீர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் மூஸ் விழுகிறது. 225 கிலோ இறைச்சியை நடைக்கு 32 கிலோ வீதம் ஒருவரே சுமந்தால் ஏழு நடை. சுமையோடு பத்தரை கிலோமீட்டர், வெறும் பையோடு திரும்பிப் போக ஒன்பது கிலோமீட்டர். ஆக, ஒன்றரை கிலோமீட்டர் என்று நினைத்தது இருபது கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. மூன்று கிலோமீட்டர் என்றால் நாற்பது. எலும்போடு கொண்டுவர வேண்டிய பகுதி என்றால் இன்னும் கூடும். அதனால்தான், வண்டியிலிருந்தோ படகிலிருந்தோ ஒரு மைல் தாண்டி நிற்கும் மூஸை எவ்வளவு பெரிதானாலும் சுடாதே என்று அங்குள்ள அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொல்வார்கள். பை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது இந்தத் தூரக் கணக்கு. தவறான தூரத்தை எந்தப் பையும் சரிசெய்யாது.

பலகையிலிருந்து அலுமினியச் சட்டம் வரை

இந்தப் பைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1920-களில் லாயிட் நெல்சன் என்ற அமெரிக்கர் அலாஸ்காவில் அலைந்தபோது, பழங்குடி மக்கள் பயன்படுத்திய சுமைச்சட்டம் ஒன்றை முதுகில் மாட்டி நடந்தார். குச்சிகளைக் கட்டி அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துப் பொருத்திய சட்டம் அது. ஊர் திரும்பியதும், மரச்சட்டத்தில் கித்தானை இழுத்துக் கட்டி, அதேபோல ஒன்றைச் செய்து விற்றார். சுமையின் முனை முதுகில் குத்தாது. இடையில் காற்றும் போகும். ஆனாலும் பாரம் முழுவதும் தோளில்தான் தொங்கியது.

அந்தப் பாரத்தைத் தோளிலிருந்து இறக்கியவர்களில் முக்கியமானவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டிக் கெல்டி. மலையில் நடந்துகொண்டிருந்தபோது, சட்டத்தின் கீழ்முனைகளைக் கால்சட்டையின் பின்பைகளில் செருகிப் பார்த்ததும் தோள் வலி சட்டென்று குறைந்தது; பாரம் இடுப்புக்கு இறங்கியது என்று அந்தக் கதையைச் சொல்வார்கள். 1952-ல் அவர் அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் இடுப்புப் பட்டை சேர்த்த பைகளை விற்கத் தொடங்கினார். இன்றைய வேட்டைப் பைகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்த வழியில் வந்தவையே.

காரணம் எளிது. தோள்பட்டையில் மெல்லிய தசையும் நரம்புகளும் இருக்கின்றன. அங்கே வார் அழுத்தினால் கை மரத்துப்போகும். பாரம் தோளில் தொங்கினால் அது முதுகெலும்பின் வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். இடுப்பெலும்பில் உட்கார்ந்த பாரமோ நேரே தொடைக்குப் போய்விடும். உடம்பில் பெரிய தசைகள் இருப்பது அங்கேதான். பை எடையைக் குறைப்பதில்லை. அந்த எடையை எந்த எலும்பு தாங்குவது என்பதை மட்டுமே அது முடிவு செய்கிறது.

பை தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில் முதுகின் அளவு. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு புடைத்துத் தெரியும். இடுப்பில் கை வைத்தால் எலும்பின் மேல்விளிம்பு தட்டுப்படும். இவை இரண்டுக்கும் நடுவே உள்ள நீளம்தான் முதுகு அளவு. ஆறடி ஆளுக்குக் குட்டை முதுகு இருக்கலாம், ஐந்தரை அடி ஆளுக்கு நீள முதுகு இருக்கலாம். ஆளின் உயரம் பார்த்துப் பை வாங்கினால் இடுப்புப் பட்டை வயிற்றிலோ தொடையிலோ உட்காரும்.

இரண்டாவது சட்டம். 80 லிட்டர் பை என்பது கொள்ளளவு. தாங்கும் பலம் அல்ல. 40 கிலோ ஏற்றினாலும் நடுவில் மடங்காத விறைப்பான சட்டம் வேண்டும். சட்டம் மடங்கினால் பாரம் மறுபடி தோளுக்கே வந்துவிடும். சில பைகளில் சட்டத்திலிருந்து பையைத் தனியாகப் பிரித்து, இரண்டுக்கும் நடுவே இறைச்சியை வைத்துக் கட்டலாம். கனமான பொருள் முதுகை ஒட்டி இருப்பதால் பை பின்னால் இழுக்காது. பணம் குறைவாக இருப்பவர்கள், கீழே ஒரு தாங்குதட்டு வைத்த வெறும் சட்டத்தை வாங்கிக் கயிற்றால் கட்டிக்கொள்கிறார்கள். அதுவும் நன்றாகவே உழைக்கும்.

மூன்றாவது இடுப்புப் பட்டை. அகலமாக, மடங்காததாக, வழுக்காததாக இருக்க வேண்டும். பாரம் ஏறிய பிறகு பட்டை கீழே நழுவினால் அந்தப் பை அந்த உடம்புக்கு ஆகாது.

நான்காவது தையலும் கொக்கியும். கடும் குளிரில் மலிவான பிளாஸ்டிக் கொக்கி உடைந்துவிடும். மாற்றுக் கொக்கி ஒன்றும், கொஞ்சம் கயிறும் கூடவே இருக்கும். இரத்தம் படும் பை என்பதால் கழுவிக் காயவைக்க வசதி இருக்க வேண்டும்.

கடையில் வெறும் பையை மாட்டி, கண்ணாடியில் பார்த்து வாங்குபவர்கள் பிறகு வருந்துவார்கள். விவரம் தெரிந்தவர்கள் 20 கிலோவுக்குக் குறையாமல் மணல் மூட்டை வைத்து, கடைக்குள்ளேயே அரை மணி நேரம் நடந்து பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறார்கள். கோடைக்காலம் முழுவதும் வீட்டருகே மணல் சுமந்து உடம்பையும் பழக்கிக்கொள்வார்கள்.

தூக்குவதில் ஒரு முறை

இறைச்சியைப் பருத்தித் துணிப் பைகளில் போட்டு, ஈ மொய்க்காமல் நிழலில் தொங்கவிட்டு ஆறவைத்த பிறகே ஏற்றுகிறார்கள். ஏற்றிய பையைக் குனிந்து ஒரே இழுப்பில் தோளில் போடுவதில்லை. பையை நிமிர்த்தி வைத்து, அதில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து வார்களை மாட்டுகிறார்கள். பிறகு முன்பக்கம் உருண்டு, கை, முழங்கால் ஊன்றி எழுகிறார்கள். கூட ஆள் இருந்தால் பின்னாலிருந்து தூக்கிவிடுவார். முதலில் இடுப்புப் பட்டையை இறுக்குவது. பிறகுதான் தோள் வார். கடைசியாக நெஞ்சு வார். இந்த வரிசை மாறுவதில்லை.

ஆற்றைக் கடக்கும்போது மட்டும் இடுப்புப் பட்டையையும் நெஞ்சு வாரையும் கழற்றிவிடுவார்கள். தண்ணீர் இழுத்தால் பையை உதறிவிட்டு உயிரோடு கரையேற வேண்டும் அல்லவா? கொம்பு சுமப்பவர்கள், வேறு வேட்டைக்காரர் மூஸ் என்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்க அதில் ஆரஞ்சு நிறத் துணியைக் கட்டிக்கொள்கிறார்கள்.

நம் ஊர்ப் பாதைகளில் தோளுயரத்துக்குக் கல் நட்டு, அதன்மேல் குறுக்குக் கல் போட்ட சுமைதாங்கிகள் இருந்தன. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்களின் நினைவாகப் பல ஊர்களில் அவற்றை நட்டார்கள். தலைச்சுமையை ஆள் துணையில்லாமல் இறக்கி, ஆள் துணையில்லாமல் ஏற்றிக்கொள்ளலாம். அலாஸ்கா காட்டில் அப்படி நட்டவர் யாருமில்லை. விழுந்து கிடக்கும் மரத்தையோ இடுப்புயரப் பாறையையோ தேடி, பையை மாட்டியபடியே அதன்மேல் சாய்ந்து இளைப்பாறுகிறார்கள். தரையில் இறக்கினால் மறுபடி எழுவதற்கு வேறு பலம் வேண்டும்.

நம் முதுகுக்கு

நம் வீடுகளில் முதுகில் ஏறும் சுமை என்றால் முதலில் மருந்தடிக்கும் டேங்க்தான். 16 லிட்டர் நிரப்பினால் தண்ணீர் மட்டும் 16 கிலோ. டேங்கோடு சேர்த்து 20 கிலோவை நெருங்கும். பலவற்றில் இரண்டு விரல் அகல வார்தான் இருக்கிறது. இடுப்புப் பட்டை இல்லை. ஒரு நாளைக்கு இருபது டேங்க் அடிப்பவர், அத்தனை முறை குனிந்து அதைத் தூக்குகிறார்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. அகலமான பஞ்சு வைத்த வாரும், இடுப்புப் பட்டையும் உள்ள டேங்கைக் கேட்டு வாங்கலாம். இருக்கும் டேங்கில் அகலமான பட்டையைத் தைத்து மாட்டலாம். டேங்கின் அடிப்பாகம் இடுப்பெலும்பில் படும்படி வாரின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். தரையிலிருந்து தூக்காமல், திண்ணை, வண்டி, உயரமான வரப்பு ஆகியவற்றின் மேல் வைத்துத் திரும்பி நின்று மாட்டிக்கொள்ள வேண்டும். வயதானவர்களும் பெண்களும் 10 லிட்டரோடு நிறுத்திக்கொண்டால் நடை கூடும். ஆனால் முதுகு மிஞ்சும். மூடியிலோ குழாயிலோ கசிவு இருந்தால் அன்று மாட்டவே கூடாது. முதுகுத் தோல் வழியாகவும் பூச்சிமருந்து உடம்புக்குள் போகும். மருந்து ஊறிய வாரைச் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்த பிறகே மறுநாள் எடுக்க வேண்டும்.

உர மூட்டையை முழுதாகத் தோளில் போட்டு வரப்பில் நடப்பதைவிட, வண்டி நிற்கும் இடத்திலேயே இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகலாம். டெல்டா ஜங்ஷன் வேட்டைக்காரர் 225 கிலோவை ஏழு நடையாகப் பிரிப்பது சோம்பலால் அல்ல. பார்லி அறுவடை பாக்கி இருக்கிறது. அடுத்த மே மாதம் விதைப்பதற்கும் அவருக்கு அதே முதுகுதான் வேண்டும்.