இன்னொரு ஊசியா..? ஆளை விடுண்ணா!

‘‘இன்னொரு ஊசியா? நான் வரலைண்ணா!’’

ப்ளஸ் ஒன் படிக்கிற என் தங்கச்சி இப்படி அழுத நாளோட அவளோட அலர்ஜி ட்ரீட்மென்ட் பாதியிலேயே நின்னு போச்சு. மெத்தை, தலையணைத் தூசியில் வாழற கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான் அவளுக்கு வில்லன். விடிஞ்சா தும்மல், ராத்திரியானா வீஸிங்!

அலர்ஜி தர்ற பொருளையே துளித்துளியா ஏத்தி உடம்பைப் பழக்கற இந்த வைத்தியம் புதுசில்லை. 1911-லேயே லண்டன் டாக்டர் லியோனார்ட் நூன், புல் மகரந்தத்தை வெச்சு இதைச் செஞ்சிருக்கார். முதல்ல வாராவாரம், அப்புறம் மாசாமாசம்னு மூணுலேர்ந்து அஞ்சு வருஷம் ஊசி. யாருக்குங்க பொறுமை இருக்கு?

இன்டர்ன்ஷிப் போன லேப்ல, ஊசியே இல்லாம மூக்கு, வாய், குடலோட ஈரச் சவ்வு வழியா அதே பொருளை அனுப்ப முடியுமானு பார்த்துட்டிருந்தாங்க. புரதத்தை அப்படியே முழுங்கினா வயிறு செரிச்சுடும். அதனால ஒரு கவசம். கடல்பாசியில கிடைக்கிற அல்ஜினேட் உருண்டை, அதுமேல இறால் ஓட்டுல எடுத்த கைட்டோசான் பூச்சு. கைட்டோசானுக்கு பாசிட்டிவ் சார்ஜ், சவ்வு மேல இருக்கற சளிக்கு நெகட்டிவ். பச்சக்னு ஒட்டிக்கும்!

பழகறதுக்கு எனக்குக் கொடுத்தது முட்டை வெள்ளைக்கரு புரதம். அல்ஜினேட்ல கலந்து, கால்சியம் குளோரைடு கரைசல்ல சிரிஞ்சால சொட்டுச் சொட்டா விட்டேன். ஜவ்வரிசி மாதிரி அழகழகா உருண்டைகள். காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன். மேடம் சிரிச்சாங்க. ‘‘இது மில்லிமீட்டர்ப்பா... நமக்கு வேண்டியது மைக்ரோமீட்டர்!’’

எண்ணெயில வேகமாக் கலக்கி ஒருவழியா பொடிசாக்கினேன். சோதிச்சா, பாதிப் புரதம் வெளியே கசிஞ்சு கிடக்கு! ரெக்கார்டுல நம்பரைக் கொஞ்சம் ‘திருத்த’ கை துறுதுறுத்துச்சு. அப்பதான் தங்கச்சி முகம் வந்துச்சு. இந்த வைத்தியத்துல அளவு தப்பினா மூச்சே திணறும். உள்ளதை உள்ளபடி எழுதிட்டேன்.

பார்த்த மேடம், ‘‘கசியுதுனு தெரிஞ்சாதானே ஏன்னு தேட முடியும்?’’ன்னாங்க. இப்போ அதைத்தான் தேடிட்டிருக்கோம்.

தூசிப்பூச்சி அலர்ஜிக்கு, நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரைக்கு அமெரிக்கா 2017-லேயே அனுமதி கொடுத்தாச்சு. அதையும் தினம் தினம் வெச்சாகணும். இந்த உருண்டை சவ்வுல ஒட்டி, நின்னு நிதானமா வேலை செஞ்சா டோஸ் குறையலாம்ங்கிறதுதான் எங்க ஆசை.

‘‘உன் மருந்து எப்பண்ணா வரும்?’’னு போன்ல கேட்டா.

‘‘இப்போதைக்கு ஜவ்வரிசிதான்டி ரெடி. அதுவரைக்கும் தலையணை உறையை வாராவாரம் வெந்நீர்ல துவை!’’