அரைப் பேரும் முழுப் பேரும்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே 'பேர்' என்னும் சொல்லுக்கு அகராதிகள் எளிதில் தந்துவிடாத ஒரு பொருள் உண்டு. அங்கே பேர் என்பது ஒரு நாளைய வேலை. அவ்வேலைக்குரிய ஒரு நாளைய கூலி. மாலையில் தராசிலே கொழுந்தின் நிறை குறைந்துவிட்டால் அது 'அரைப் பேர்' ஆகிவிடும். தோட்டத்துத் தொழிலாளியாகப் பதிவு பெறுவது 'பேர் பதிதல்'. அப்பதிவிலிருந்து நீக்குவது 'பேர் வெட்டுதல்'. உழைப்பு, ஊதியம், மதிப்பு ஆகிய மூன்றையும் ஒரே சொல்லுக்குள் அடக்கிய மக்கள், அம்மூன்றும் ஒன்றாகவே வரும், ஒன்றாகவே போகும் என்பதைப் பட்டறிவால் உணர்ந்திருந்தனர் போலும்.

பொல்பிட்டிய என்னும் ஊரை நாட்டிலுள்ள பலரும் அங்குள்ள நீர்மின் நிலையத்தின் பெயராலேயே அறிவர். 1969ஆம் ஆண்டு முதல் அந்நிலையம் மின்சாரம் பிறப்பித்து வருகின்றது. மலைகளின் நீர் அங்கே இறங்கித் தொலைதூர நகரங்களின் விளக்குகளை ஏற்றுகின்றது. அம்மலைகளிலுள்ள லயத்து வீடுகளிலே, விளக்கு வந்த பின்னரும், வெளிச்சம் படாத மூலையொன்றில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பிறப்பத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, ஊழியர் சேமலாப நிதியின் தாள், எப்போதோ வந்த கடிதம் ஒன்றின் உறை என யாவும் அதனுள் இருக்கும். எழுத்தறியாத முதியவர் கூட, மடிப்பையும் கறையையும் கொண்டே, எந்தத் தாள் எது என்று எடுத்துத் தருவார். தம்மைப் பற்றிப் பிறர் எழுதிய அத்தாள்களைத் தாம் வாசிக்க இயலாதவராயினும், அவற்றைத் தொலைத்தால் என்ன நேரும் என்பதை அவர் நன்கறிவார்.

இவ்வச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. முன்னாளில் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதற்குத் 'துண்டு' வேண்டியிருந்தது. இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இன்னார் விடுவிக்கப்படுவர் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் வேலையிலிருந்து நிறுத்தும் 'பற்றுச்சீட்டு' மலைநாட்டு மக்களின் பேச்சிலே அச்சத்தின் மறுபெயராக நெடுங்காலம் நிலைத்தது. ஒருவன் பல ஆண்டுகள் மலையேறி இறங்கியமைக்குச் சான்று எதுவும் இல்லை; அவனை வெளியேற்றியமைக்கு மட்டும் சான்று உண்டு. உழைப்பின் கதையை உழைத்தவன் எழுதுவதில்லை. அவனை அனுப்பி வைப்பவனே எழுதுகிறான்.

இந்நியதி தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. படைவீரன் ஒருவன் சேவையை விட்டு நீங்கும்போது அவன் கையில் தரப்படும் விலகற் பத்திரமும் இத்தகையதே. மதிப்புடன் விலகினான் என்று எழுதப்பட்டால் ஓய்வூதியமும் மருத்துவ வசதியும் வேறு வேலையும் கிட்டும். மதிப்பின்றி விலக்கப்பட்டான் என்று எழுதப்பட்டால், அவன் பெற்ற காயங்கள் கூட அவனுக்குச் சாட்சி சொல்லா. அப்பத்திரத்தைத் திருத்தித் தருமாறு கேட்டு அலைந்தவர்களின் வரலாறு நீண்டது. அதன் ஓர் இழை பொல்பிட்டியவுக்கு அண்மையிலேயே தொடங்குகின்றது எனலாம்.

பொல்பிட்டியவுக்கு அருகே களனி கங்கைக் கரையில் உள்ளது கித்துல்கல. 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்துக்காகப் பாலம் கட்டப்பட்டதும் அது தகர்க்கப்பட்டதும் அங்கேதான். சீயத்திலிருந்து பர்மாவுக்கு யப்பானியர் அமைத்த இருப்புப்பாதையின் கதை அது. திரையிலே பிரித்தானியப் போர்க் கைதிகளின் துன்பம் காட்டப்படுகின்றது. ஆனால் அப்பாதையிலே மாண்டவர்களுள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் இருந்தனர். இலங்கை மலைகளுக்கு ஏறி வந்தவர்களும் மலாயாவின் இறப்பர்க் காடுகளுக்குக் கப்பலேறியவர்களும் ஒரே தமிழ்நாட்டு மண்ணிலிருந்து பிரிந்த உறவினரே. கித்துல்கலவிலே எழுந்து வீழ்ந்த பாலம் அவர்களை நினைக்கவில்லை.

அதே போரிலேதான் இந்திய தேசிய இராணுவமும் தோன்றியது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பல்லாயிரக்கணக்கான இந்தியப் படைவீரர் கைதிகளாயினர். அவர்களுட் பலர் முதலில் மோகன் சிங்கின் தலைமையிலும், 1943 முதல் சுபாஸ் சந்திர போசின் தலைமையிலும் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்தினர். மலாயாத் தோட்டத் தமிழர் பலரும் அவர்களுடன் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படையைச் சென்னையைச் சேர்ந்த இலட்சுமி தலைமை தாங்கி நடத்தினார். போர் முடிந்ததும் கைப்பற்றப்பட்ட வீரர்கள் வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்று நிறங்களாகப் பிரிக்கப்பட்டனர். விசுவாசம் மாறாதவர் வெள்ளை; வழிதவறியவர் எனக் கருதப்பட்டோர் சாம்பல்; மனமாரப் பகைவரோடு நின்றவர் எனத் தீர்க்கப்பட்டோர் கறுப்பு. அரைப் பேர், முழுப் பேர் என்னும் கணக்கைப் போர்க்களத்துக்கும் கொண்டுபோனதைப் போன்றது இது.

1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சைகல், குர்பக்ஸ் சிங் தில்லோன் ஆகிய மூவர் மீதும் வழக்கு நடந்தது. பூலாபாய் தேசாய் எதிர்வாதம் புரிந்தார்; நேருவும் வழக்கறிஞர் அங்கி அணிந்து அவருடன் அமர்ந்தார். ஆயுட்கால நாடுகடத்தலும், பதவி பறிப்பும், சேர வேண்டிய சம்பளத்தை இழத்தலும் தண்டனையாகத் தீர்க்கப்பட்டன. நாடு கொதித்தெழுந்தது. 1946 சனவரி தொடக்கத்தில் தளபதி ஓக்கின்லெக் நாடுகடத்தலை நீக்கினார். பதவி பறிப்பையும் சம்பள இழப்பையும் உறுதி செய்தார். கோட்டை வாயில் திறந்தது, மக்கள் மாலையிட்டனர். ஆனால் அவர்களுடைய பேர் வெட்டுண்டே இருந்தது.

சுதந்திரம் வந்தால் யாவும் சீராகும் என எதிர்பார்த்தவர் பலர். ஆனால் வழக்கில் அங்கியணிந்தவர் பிரதமரான பின்னரும் அவ்வீரர்கள் படையில் மீளச் சேர்க்கப்படவில்லை. இதற்குக் காரணமே இல்லை எனக் கூறுதல் நேர்மையாகாது. சிறை முகாம்களிலே அடியும் பட்டினியும் தாங்கி, எடுத்த சத்தியத்தை விடாதிருந்தவர்களும் இந்திய வீரர்களே. நியூகினித் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கேயே மடிந்தவர்களும் அவர்களுள் உளர். சத்தியத்தைக் காத்தவனையும் மீறியவனையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் படையின் ஒழுங்கு என்னாகும் என்ற கேள்வி வெறும் சாட்டன்று. எனினும் ஒருவனை மீளவும் படையிற் சேர்ப்பது வேறு. அவன் வாழ்நாள் முழுவதும் இகழ்ச்சிச் சொல்லொன்றைச் சுமக்க வேண்டுமா என்பது வேறு. தலைவர்களுக்கு வழி பிறந்தது. ஷா நவாஸ் கான் நாடாளுமன்றம் சென்று துணையமைச்சருமானார். பெயர் அறியப்படாத சிப்பாய்க்கோ அந்தப் பத்திரத்தைத் தவிர வேறு வரலாறு இல்லை. 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்த விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தில் இந்திய தேசிய இராணுவத்தினரும் இடம்பெற்றனர். செங்கோட்டை வழக்கு நடந்து அப்போது ஏறக்குறைய இருபத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன.

அதே 1972ஆம் ஆண்டில், உலகின் மறுபுறத்திலே, இன்னொரு பேர் திருத்தப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்துப் பிரவுன்ஸ்வில் நகரில், 1906 ஆகஸ்ட் 13ஆம் நாள் இரவு துப்பாக்கிச் சூடு கேட்டது. மதுக்கடைப் பணியாளன் ஒருவன் இறந்தான். பொலிஸ் அதிகாரியொருவர் காயமுற்றார். அருகிலிருந்த கோட்டையிலே தங்கியிருந்த கறுப்பின வீரர்கள் மீது ஊரார் பழி சுமத்தினர். வீரர்கள் பாசறையிலேயே இருந்தனர் என்று அவர்களுடைய வெள்ளையின அதிகாரிகள் கூறியும் பயனில்லை. குற்றவாளியைக் காட்டிக் கொடுக்குமாறு கேட்டபோது, தமக்கு ஒன்றும் தெரியாதென வீரர்கள் கூறினர். தெரியாது என்ற விடையே கூட்டுச் சதிக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. சனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் 167 வீரர்களை மதிப்பின்றி விலக்கினார். நீதிமன்ற விசாரணை எவருக்கும் நடக்கவில்லை. அவர்களுள் மிங்கோ சாண்டர்ஸ் 26 ஆண்டுகள் சேவையாற்றியவர். ஓய்வூதியத்தை நெருங்கிக் கொண்டிருந்தவர்.

செனற்றர் ஜோசப் போரேக்கர் அவர்களுக்காக வாதாடினார். பின்னர் அமைக்கப்பட்ட விசாரணை மன்றம் பதினான்கு பேரை மட்டும் மீளச் சேரத் தகுதியுடையோர் என்றது. ஏனையோர் ஏன் தகுதியற்றவர் என்பதை அது விளக்கவில்லை. 1970இல் ஜோன் வீவர் என்பார் அந்நிகழ்ச்சியை ஆராய்ந்து நூலொன்றை வெளியிட்டார். அதன்பின் காங்கிரஸ் உறுப்பினர் ஓகஸ்ரஸ் ஹோக்கின்ஸ் அதனை மன்றத்துக்குக் கொண்டுசென்றார். 1972 செப்டெம்பர் 28இல் இராணுவம் அவ்வீரர்களின் விலகலை மதிப்புடைய விலகலாக மாற்றியது. ஆனால் பின்னூதியம் இல்லை என்றது. அறுபத்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ அனைவரும் இறந்து போயினர். எஞ்சியிருந்தவர்களுள் ஒருவரான டோர்சி வில்லிஸ், மினியாபொலிஸ் நகரத்து முடிதிருத்தும் கடையொன்றிலே சப்பாத்துக்களுக்கு மெருகிட்டு ஐம்பத்தொன்பது ஆண்டுகளைக் கழித்திருந்தார். 1973இல் தம் எண்பத்தேழாம் பிறந்த நாளையொட்டி அவர் தமது புதிய பத்திரத்தைப் பெற்றார். மறுவருடம் 25,000 டொலர் வழங்கப்பட்டது. 1977இல் மறைந்தார். அரைப் பேர் முழுப் பேராக மாறிய பின் அவர் வாழ்ந்தது நான்கே ஆண்டுகள்.

அமெரிக்காவில் இத்தகைய திருத்தத்துக்கு இன்று முறையான வழி உண்டு. 1944ஆம் ஆண்டுச் சட்டம் விலகலை மீளாய்வு செய்யும் சபைகளைத் தோற்றுவித்தது. விலகிப் பதினைந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கலாம். மதிப்புடைய விலகல், பொது விலகல், மதிப்புக் குறைந்த விலகல் என்று படிப்படியாக இறங்கும் தரங்களுக்கிடையே ஒருவன் மேலேற முயலலாம். ஆயினும் அதிகாரிகள் முறைப்படியே நடந்தனர் என்னும் எண்ணத்துடனேயே சபை விசாரணையைத் தொடங்குகின்றது. அவ்வாறன்று என்று காட்டும் சுமை விண்ணப்பதாரருடையது. வியட்னாமிலிருந்து திரும்பிய வீரர் பலர் கட்டளை மீறியமைக்காகவும் சொல்லாமற் சென்றமைக்காகவும் தரம் தாழ்த்தி அனுப்பப்பட்டனர். போரின் அதிர்ச்சியால் விளையும் உளநோய் 1980இலேதான் அமெரிக்க உளமருத்துவரின் நோய்ப் பட்டியலில் தனிப் பெயருடன் இடம்பெற்றது. அந்நோயைக் கருணையுடன் கருத்திற் கொள்ள வேண்டும் என்று சபைகளுக்குக் கட்டளை பிறந்தது 2014இல். பெயரிடப்படாத நோயை நிரூபிக்குமாறு நோயாளியிடம் கேட்டது எவ்வகை நீதி?

இந்தியப் படையிலும் தண்டனைகள் சிவப்பு மையால் பதியப்படும் வழக்கமுண்டு. அத்தகைய பதிவுகள் நான்கு சேர்ந்தால் வீரனை விலக்கிவிடலாம் என்று கருதப்பட்டது. நான்கு என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. குற்றத்தின் தன்மை, சேவைக் காலம், அவன் பணியாற்றிய இடங்களின் கடுமை ஆகியவற்றையும் நோக்கி, விசாரித்த பின்னரே விலக்க வேண்டும் என்று 2015இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட படையினர் தீர்ப்பாயம் இத்தகைய முறையீடுகளைக் கேட்கின்றது. சென்னையிலும் அதற்கொரு கிளை உண்டு. இலங்கையிலும், விடுமுறையின்றிப் படையை விட்டுச் சென்றோர் பொதுமன்னிப்புக் காலங்களில் சட்டப்படி விலகிக்கொள்ளும் வாய்ப்பு அவ்வப்போது அளிக்கப்பட்டுள்ளது. ஓடியவன் என்ற பெயரோடு ஒளிந்து வாழ்பவனுக்கு, விலகினேன் என்று சொல்ல உதவும் தாள் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். விசாரணையின்றி ஒரு பேரை வெட்ட ஒரு கையெழுத்தும் ஒரு நாளும் போதும். வெட்டியதைத் திருத்துவதற்கோ ஒரு தலைமுறை வேண்டும். இதனை மலைநாட்டு மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கின. எஞ்சியிருந்தோரின் குறையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பேர் மனுவோடு வரிசையில் நின்றே மாண்டனர்! வேண்டாதவர் என்று எழுதிய கையே அதற்குக் காரணம் காட்டக் கடமைப்பட்டது என்பதை ஏற்றிருந்தால் அவ்வரிசை அவ்வளவு நீண்டிராது.

எனவே பேர் திருத்தம் கருணையாகக் கருதப்படலாகாது. அது கணக்குத் தீர்த்தலாகும். தராசு பழுதென்று தெரிந்தபின் குறைத்த கூலியைத் திருப்பித் தருபவன் தருமவானாகிவிட மாட்டான். பத்திரத்தைத் திருத்திப் பின்னூதியத்தை மறுப்பதும் அரைப் பேரே. இறந்தவனின் பத்திரத்தைத் திருத்துவது பிள்ளைகளுக்கு ஆறுதல். உயிரோடிருப்பவனின் பத்திரத்தைத் திருத்துவதே நீதி.

பொல்பிட்டியவின் லயமொன்றிலே முதியவர் தகரப் பெட்டியை மூடுகிறார். மேற்கூரையிலிருந்து ஒழுகும் மழைநீர் படாதவாறு அதனை உள்ளே தள்ளி, மேலே ஒரு சாக்கைப் போர்த்துகிறார். நாளை யாரேனும் ஓர் அதிகாரி கேட்கக்கூடும். அப்போது காட்ட வேண்டும். தாம் யார் என்பதை இத்தனை காலத்துக்குப் பின்னரும் தாமே காட்ட வேண்டியிருப்பதில் அவருக்கு வியப்பில்லை.