மீன் எறியும் கூட்டம்

கூட்டம் என்னும் சொல் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. அதனைக் கேட்டதும் தேர்த் திருவிழாவை நினைப்போர் உளர். 1983 ஜூலையிற் கொழும்பில் இருந்த என் போன்றோருக்கு அச்சொல் முதலிற் கொண்டுவருவது ஓர் ஓசையை. ஆட்கள் பின்னர்தான் வருவர்; ஓசை முன்னரே ஒழுங்கைக்குள் வந்துவிடும். அவ்வோசை காதை விட்டு நீங்காத நிலையிலேயே, அடுத்த ஆண்டு மண்ணியல் கற்பதற்காக நியூயோர்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரிலுள்ள கொர்னெல் பல்கலைக்கழகத்திற்குச் சென்றேன். அங்கு என்னை மீண்டும் ஒரு கூட்டத்தின் நடுவே நிறுத்தியது பனிக்கட்டி ஹொக்கி.

நாம் பாடசாலை மைதானங்களிற் கண்ட ஹொக்கிக்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு. அணிக்கு அறுவராகச் சறுக்குச் சப்பாத்து அணிந்து, பந்துக்குப் பதிலாகக் கரிய றப்பர் வட்டு ஒன்றினை உறைபனித் தளத்தில் அடித்துச் செல்வர். வட்டின் வேகத்தைக் கண் தொடர்வதே கடினம். ஆதலால் முதல் நாளில் நான் ஆட்டத்தைப் பார்த்ததிலும் பார்ப்போரைப் பார்த்ததே அதிகம்.

அவர்கள் கூடும் இடம் லைனா அரங்கு. 1957இல் திறக்கப்பட்டது, 2006இல் விரிவாக்கப்படும்வரை நாலாயிரம் பேருக்கும் சற்றுக் குறைவாகவே கொண்டது. பெருமைக்குக் குறைவில்லை. 1967இல் கொர்னெல் தேசியப் பட்டம் வென்றபோது கோல் காத்த கென் டிரைடன், 2004இற் கனடாவின் அமைச்சரானவர். 1970இல் அப்பருவத்து 29 ஆட்டங்களையும் வென்று மீண்டும் பட்டம் பெற்றனர். தோல்வியோ சமநிலையோ இல்லாமற் பட்டம் வென்ற முதற்பிரிவுப் பல்கலைக்கழக ஆண்கள் அணி வேறில்லை. ஆயினும் பழைய வெற்றிகள் மாத்திரம் ஒரு கூட்டத்தை ஆக்கிவிடுவதில்லை. லைனாவின் கூட்டம் மனப்பாடத்தினால் ஆனது. எதிரணியினரின் பெயர்கள் வாசிக்கப்படும்போது மாணவர் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வர். உங்களைப் பார்ப்பதிலும் இது மேல் என்பது பொருள். தேசிய கீதத்திற் சிவப்பு என்னும் சொல் வருமிடத்தில், அது தம் அணியின் நிறமாதலால், அரங்கமே அச்சொல்லைச் சேர்ந்து கத்தும். மாட்டு மணியொன்று ஒலிக்க அதற்கேற்பக் கைதட்டு எழும். தம் அணி கோல் போட்டதும் அனைவரும் எதிரணிக் கோல் காப்பாளரை விரலாற் சுட்டி, அரிதட்டு, அரிதட்டு என்று பழிப்பர். வட்டு அவரூடாகத் தாராளமாகப் போகின்றதாம்! நம்மவருக்கும் இக்கலை புதிதன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் போட்டியிற் கேலி கேட்டவர் இதனை உணர்வர்.

யாவற்றிலும் விசித்திரமானது ஹாவாட்டுடனான ஆட்டம். கொர்னெலில் விவசாயக் கல்லூரி இருப்பது ஹாவாட்காரருக்கு நகைப்பு. 1973இல் ஹாவாட் ரசிகர் ஒருவர் கொர்னெல் கோல் காப்பாளரை நோக்கிக் கோழியொன்றை வீசினார் என்பர். பண்ணைக்காரரே, இது உமக்கு என்ற ஏளனம். மீன்பிடிக்குப் பேர்போன பொஸ்ரன் பக்கத்தவருக்குக் கொர்னெல்காரர் மீனாலேயே விடையிறுத்தனர். அன்றுமுதல் லைனாவில் ஹாவாட் அணி தளத்தில் இறங்கும்போதெல்லாம் மீன்மழைதான். தோட்டக்காரன் மகனாகிய எனக்கு, விவசாயம் என்றதும் உதட்டைச் சுழிக்கும் படித்தவர்களை நம்மூரிலேயே தெரியும். எனவே அம்மீன்களில் எனக்கும் ஒரு பங்கு உண்டெனத் தோன்றியது.

ஆயினும் அரங்கிற்கு வெளியே பனியில் வரிசையில் நிற்கையில் உள்ளிருந்து வந்த முழக்கம் பழைய ஓசையாகவே கேட்டது. கால்கள் நின்றுவிட்டன. அழைத்துச் சென்ற நண்பர் குளிர் என்று எண்ணிக்கொண்டார்.

விளையாட்டு மனிதரின் வெறியை வடித்துவிடும் என்று கூறுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. 1985 மே மாதம் பிரசல்ஸ் நகரின் ஹைசல் மைதானத்தில் உதைபந்தாட்ட ரசிகரின் கலவரத்தில் 39 பேர் மாண்டனர். அங்கும் பாட்டு இருந்தது, கொடி இருந்தது, மனப்பாடமும் இருந்தது. ஆகவே பாதுகாப்பு வேறெங்கோ இருக்கவேண்டும்.

அது எங்கிருக்கலாம் என்பதற்கு எனக்குக் கிடைத்த தடயம் மிகச் சிறிது. அன்று வீசப்பட்ட மீன்களைச் சவளால் அள்ளி அகற்றினர். ஆட்டம் தொடங்கிற்று. எனக்கு முன்வரிசையில் நின்ற இளைஞன், எஞ்சியிருந்த மீனொன்றை மேலங்கியினுள்ளிருந்து எடுத்துக் கையை ஓங்கினான். எதிரணி வீரனொருவன் எமக்கு மிக அருகே குனிந்திருந்தான். பக்கத்தில் நின்ற பெண் ஓங்கிய கையைப் பற்றினாள். அவளும் சற்று முன்னர் மீன் எறிந்தவளே. அரிதட்டு என்று அலறித் தொண்டை கட்டியவளே. அதற்கான நேரம் போய்விட்டது என்றுமட்டும் சொன்னாள். பருவம் முழுவதும் அவ்விருவரும் அதே வரிசையில்தான் நின்றார்களாம்; பெயர் தெரியும், முகம் தெரியும். காவலர் எவரும் வரவில்லை.

1983இல் எங்கள் ஒழுங்கையிலும் அவ்வாறு கையைப் பற்றிய அயலவர் இருந்தனர். இருவர். சிங்களவர். அவர்களால் மூன்று வீடுகள் தப்பின, ஒழுங்கையில் இருந்தவை பதினொன்று.

அந்த இளைஞன் சற்றுநேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பின்னர் மீனைத் திரும்பவும் மேலங்கியினுள் செருகிக்கொண்டு, ஆட்டத்தின் மூன்று இருபது நிமிடப் பகுதிகளும் முடியும்வரை, எல்லோரிலும் உரக்கக் கத்திக்கொண்டிருந்தான். வெப்பம் ஏற ஏற எங்கள் வரிசைகளில் நாற்றம் தாங்க முடியவில்லை.